விக்ரோலிக் கண்ணும் வடிவின் கம்ப்யூட்டரும்

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சாலில், அதாவது ஒண்டுக்குடித்தன வரிசையில், மாடி அறையில் குடியிருக்கும் சண்முகவடிவுக்குப் பொறாமை என்ற குணமே கிடையாது. இதைச் சொல்வதும் அவள்தான். "எனக்கு யாரப் பாத்தும் ஒரு இதுவும் கெடையாதுக்கா. அவவளுக்கு எழுதுனது அவவளுக்கு" என்று ஆரம்பிப்பாள். அந்த வாக்கியம் முடிவதற்குள், எதிர்வீட்டுக்காரி கொடியில் காயப்போட்டிருக்கும் புதுச் சேலையை எந்தக் கடையில் வாங்கினாள், எவ்வளவு தள்ளுபடி, முந்தானையில் எந்த இடத்தில் நூல் பிரிந்திருக்கிறது என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அவள் வயிறு எரிகிற சூட்டில் ஒரு குக்கர் பருப்பு வெந்துவிடும் என்று அவள் புருஷன் வேல்ராஜ் சொல்வதுண்டு. அது மிகை. பருப்பெல்லாம் வேகாது. அப்பளம் வேண்டுமானால் பொரியும்.

வடிவு பை தைக்கிற பட்டறையில் ஜிப் போடுகிறவள். அவள் ஒட்டின ஜிப்பைப் பிரிக்க வேண்டுமானால் பையைத்தான் கிழிக்க வேண்டும். வேல்ராஜ் டெம்போ ஓட்டுகிறான். ஒரே மகள் ஷாலினி மாட்டுங்காவில், கம்ப்யூட்டரில் பொம்மைப்படம் செய்கிற படிப்புப் படிக்கிறாள்.

வேல்ராஜின் தம்பி ராஜபாண்டிக்கு விக்ரோலியில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை, லிப்ட் வைத்த கட்டடத்தில் வீடு. அவன் பெண்டாட்டி கீதா. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வடிவு லிப்டைத் திரும்பியும் பார்க்காமல் ஆறு மாடியும் படியேறித்தான் போவாள். "எனக்கு நடந்து பழக்கம்" என்பாள். மேலே போய்ச் சேரும்போது பேச மூச்சு இருக்காது. அதனால் கீதாவின் புது சோபாவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லாமல் போகும்.

கீதாவுக்கு லிப்ட் இருந்தது, சோபா இருந்தது, குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வந்தது. பிள்ளை இல்லை. அதை வடிவு ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த அளவுக்கு நல்லவள். ஆனால் கணக்குப் போடுகிற நேரத்தில் அதைத் தன் பக்கத் தட்டில் வைத்துக்கொள்வாள். அதோடு அவள் தட்டில் இன்னொன்றும் இருந்தது. கம்ப்யூட்டர்.

செம்பூரில் ஓர் ஆபீசைக் காலி செய்தபோது, சாமான் ஏற்றப்போன வேல்ராஜ், வாடகையில் ஒரு பகுதிக்குப் பதிலாக அதை வாங்கி வந்தான். கறுப்புத் தகரப் பெட்டி, பக்கத்து மூடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பொடிப்பொடி ஓட்டைகள். சாமி அலமாரிக்குக் கீழே சுவரில் இருந்த பொந்துதான் அதற்குக் கிடைத்த இடம். பின்னால் சுவர், மேலே சாமி, கீழே சிமெண்டுப் பலகை, ஒரு பக்கம் அரிசி டின். அறையைப் பார்த்திருந்த பக்கம் அந்த ஓட்டை மூடி. பாவம், அது மூச்சு விடுவதற்கு இருந்த ஒரே வழி அந்த ஓட்டைகள்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கீதா வந்திருந்தாள். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம் எல்லாம் நடந்திருந்தது. ஷாலினி தான் செய்த படத்தைப் போட்டுக் காட்டினாள். ஒரு பூனை, தகரக் கூரை மேலே நடந்து போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப்பார்க்கும்.

கீதா கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள். "எவ்ளோ அழகா நடக்கு. ஒங்களுக்கு என்னக்கா, வீட்டுக்குள்ளயே தியேட்டர் வச்சிருக்கீய. எங்க வீட்ல இப்படி ஒண்ணு இல்லியே" என்று ஒரு பெருமூச்சும் விட்டாள்.

வடிவுக்கு மற்ற வார்த்தைகள் காதில் விழவில்லை. பெருமூச்சுதான் விழுந்தது. அவள் சொல்லக் கேட்டால், அந்தப் பெருமூச்சில் சாமி விளக்கே ஒரு தரம் சாய்ந்து நிமிர்ந்ததாம்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பொத்தானை அமுக்கினால் பீப் பீப் என்று அழுதது, திரையில் ஒன்றும் வரவில்லை. வடிவு அதைத் தூக்கிக்கொண்டு முகம்மது ஹனீபின் கடைக்குப் போனாள். ஹனீப், மேலப்பாளையத்திலிருந்து வந்து தாராவியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர். அவர் பெட்டியைத் திறந்து, உள்ளே செருகியிருந்த விரல் நீளப் பச்சைத் தகடு ஒன்றை உருவினார். அதன் பொன்னிறப் பல்வரிசையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தார், திரும்பச் செருகினார். திறந்துகொண்டது.

"ராம் பல்லுல பாசி பிடிச்சிருக்கு தங்கச்சி. நம்ம ஊரு மழைக்கு எல்லாத்துக்கும் பிடிக்கும்" என்றார்.

"ரப்பர்ல போச்சு பாய், சரி. வந்தது எதனால?"

"அதான் மழன்னேனே."

"மழ எல்லா வருசமும் பெய்யுது" என்றாள் வடிவு. அவருக்கு அது புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இல்லை. அவர் கம்ப்யூட்டர் வைத்தியர், அவ்வளவுதான். கண்பட்டதற்கு அவரிடம் என்ன மருந்து இருக்கும்?

அன்றைக்கே வடிவு திருஷ்டி பூதம் ஒன்று வாங்கினாள். கட்டடம் கட்டுகிற இடத்தில் தொங்குமே, அதே முகம். உருண்டைக் கண், கோரைப்பல், மார்புவரை தொங்கும் சிவப்பு நாக்கு, கனத்த பிளாஸ்டிக் ஸ்டிக்கர். எங்கே ஒட்டுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. இவ்வளவு ஓட்டை இருந்தால் கண் உள்ளே போகாமல் என்ன செய்யும்? ஓட்டை மூடியின் மேல் நேராக வைத்து ஒட்டினாள். ஸ்டிக்கரின் பசை போதாதென்று, பட்டறையிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்திருந்த சொல்யூஷனை ஓரமெல்லாம் தடவி, விரலால் நீவி நீவி, ஓர் எறும்பின் பெருமூச்சுகூட உள்ளே போகாதபடி அடைத்தாள். அழகான வேலை. பட்டறை முதலாளி பார்த்திருந்தால் அந்த வாரமே கூலி கூட்டியிருப்பார்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் நன்றாகத் திறந்தது. கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி பொட்டென்று அணைந்தது.

ஷாலினியின் படிப்புக்கு அது ஆகாது. அவள் படத்தை முடித்துக் கொடுக்கவேண்டும் என்றால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாகச் சுட்டு எடுக்கவேண்டும். ரெண்டர் என்று அதற்குப் பெயர். அடுப்பை அணைக்காமல் தோசை மேல் தோசையாக ஊற்றுகிற மாதிரி மணிக்கணக்கில் ஓடினால்தான் ஆகும். பாதியில் அணைந்தால் மாவோடு போச்சு. வீட்டில் அந்தப் பூதத்தை எல்லோரும்தான் தினம் பார்த்தார்கள். ஆனால் தாராவியில் எந்த வாசலில் அந்த முகம் இல்லை? பார்க்கிறவர் கண்ணை இழுப்பதற்காக ஒட்டுகிற சாமானை, ஒட்டின வீட்டுக்காரர் யாரும் பார்ப்பதில்லை.

இந்த நேரம் பார்த்து விக்ரோலியில் ராஜபாண்டி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினான். ஷாலினி போனில் படம் காட்டினாள். பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

"கம்ப்யூட்டராட்டி இது? கோயில் கொடைக்குப் போட்ட பந்தல் மாதிரில்லா இருக்கு" என்றாள் வடிவு.

"மா, உள்ள நல்ல கார்டு இருக்கு. என் பூன அங்க பறக்கும்."

"பூன எதுக்குப் பறக்கணும்? நடந்தாப் போதும்."

பூனை விக்ரோலிக்குப் போனது. முதலில் சனிக்கிழமை போய் ஞாயிறு வந்தது. பிறகு வெள்ளி போய்த் திங்கள் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஷாலினி ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். சித்தி தோசைக்கு மூணு சட்னி வைத்தாள், சித்தி வீட்டில் பேன் சத்தமே கேட்கவில்லை. வடிவு அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். மூன்று சட்னி என்ன, அவளும் ஆறு வைப்பாள், தன் வீட்டு மிக்ஸி சரியாக இருந்தால்.

ஒரு திங்கட்கிழமை ஷாலினி தலைக்கு எண்ணெய் வைத்து, இறுக்கப் பின்னிய பின்னலோடு வந்தாள். தன்னிடம் தலையைக் கொடுக்காமல் வருஷக்கணக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு திரிகிற பெண்.

"யாரு பின்னுனா?"

"சித்தி. படம் ஓடிட்டே இருந்துச்சு, சும்மா ஒக்காந்திருந்தேனா, பின்னி விட்டாங்க."

வடிவு சீப்பை எடுத்தாள். மகளைப் பிடித்து உட்காரவைத்து அந்தப் பின்னலை அவிழ்த்து, முதலிலிருந்து வேறு பின்னல் போட்டாள்.

"க்யா மா, நல்லாத்தானே இருந்துச்சு?"

"கோணலா இருந்துச்சு."

கோணலாக இல்லை. ஜிப் தைத்த மாதிரி நூல் பிடித்து இறங்கியிருந்தது. வடிவால் பொறுக்க முடியாமல் போனதே அதுதான்.

அந்த வாரம் ராஜபாண்டி அண்ணனுக்குப் போன் போட்டான். பிள்ளை எதற்கு அலைய வேண்டும், படிப்பு முடிகிறவரை விக்ரோலியிலேயே இருக்கட்டும், அங்கிருந்து மாட்டுங்காவுக்கு ஒரே ரயில்தானே என்றான். வேல்ராஜ் டெம்போவை நிறுத்தாமலேயே சரி சரி என்று சொல்லிவிட்டான். அவனுக்கு எல்லாமே சரிதான்.

"சப்மிஷன் இருக்கும்மா" என்றாள் ஷாலினி. "இங்க ரெண்டர் ஆகல, நான் என்ன செய்ய? அடுத்த ஞாயித்துக்கெழம சித்தி வந்து கூட்டிட்டுப் போறேன்னாங்க. அதுக்குள்ள இது ஓடுச்சுன்னா நான் ஏன் போறேன்?"

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வடிவு மறுநாள் ஹனீப் கடை வாசலில் நின்றாள். கடை இன்னும் திறந்திருக்கவில்லை. மிக்ஸி வாங்கவென்று எடுத்து வைத்திருந்த காசு ரவிக்கைக்குள் இருந்தது.

"பாய், ஞாயித்துக்கெழமைக்குள்ள எம்பிள்ள கம்ப்யூட்டர் ஓடணும். புதுசெல்லாம் எனக்கு வாங்க முடியாது. பழசுல நல்லதா, விக்ரோலிக்காரிய விட ஒரு சாமானாவது கூட இருக்க மாதிரிக் குடுங்க."

"விக்ரோலிக்காரிட்ட என்ன இருக்கு?"

"லைட்டு இருக்கு."

"லைட்டு ஓடுறதுக்கு ஒதவாது தங்கச்சி" என்று சிரித்துவிட்டு, ஹனீப் இன்னொரு ராம் கொடுத்தார். ஏதோ ஒரு வங்கி ஒதுக்கின பெட்டியில் இருந்து கழற்றினது. வடிவே வீட்டில் போட்டாள். அவள் விரலுக்கு அது ஒரு வேலையே இல்லை. காது மாதிரி இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கி டிக் என்று விழுந்தது. கம்ப்யூட்டர் திறந்தது. முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடி, முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தது.

மறுநாள் ஹனீப் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்று போடச் சொன்னார். "ஒங்க பழைய டிஸ்க்கு ஒரு கெழவன் மாதிரி. எந்திரிச்சு, வேட்டி தேடி, கட்டி வெளிய வர நேரமாவும். இது காலேஜுப் பையன், படுத்த சட்டையோட ஓடுவான்." அதுவும் உண்மைதான். பொத்தானை அமுக்கிக் கையை எடுப்பதற்குள் திரையில் பூனை நின்றது. பூனை தொட்டியை எட்டிப்பார்ப்பதற்குள் பொட்டென்று இருட்டு.

அதற்கடுத்து இரண்டு விசிறி வைத்த கிராபிக்ஸ் கார்டு, யாரோ விளையாடித் தீர்த்தது. அதை மாட்டினதும் பெட்டி ஏரோப்ளேன் மாதிரி இரைந்தது. சாமி அலமாரியில் முருகன் படம் ஆடியது என்றும், அரிசி டின் தானாக நகர்ந்து கதவுவரைக்கும் போய்விட்டது என்றும் சால் முழுக்கப் பேச்சு. டின் நகர்ந்தது நிஜம், கதவுவரைக்கும் போகவில்லை. எவ்வளவு நல்ல சாமானாக உள்ளே போனதோ அவ்வளவு சூடு கிளம்பியது, கிளம்பின சூட்டுக்குப் போக வழியில்லை, பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்தது. இது வடிவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நாம் ஒரு படி ஏறினால் கீதாவின் கண் இரண்டு படி ஏறுகிறது. ஒவ்வொரு தடவை அணைந்தபோதும் பூதத்தின் ஓரத்தில் இன்னொரு சுற்று சொல்யூஷன் தடவினாள். எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து அதன் மூக்குக்கு நேராகத் தொங்கவிட்டாள்.

"பெட்டியக் கொண்டாங்க, ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாப்போம்" என்றார் ஹனீப்.

வடிவு கொண்டுபோனாள், மூடியை மட்டும் கொண்டுபோகவில்லை. எப்படியும் திறக்கத்தானே போகிறார், அது வேறு எதற்கு என்று ஒரு காரணம். தெருவோடு பூதத்தைத் தூக்கிப் போனால் ஊர்க்கண்ணெல்லாம் அதன்மேல் விழுந்து, கீதாவுக்கு மிச்சம் வைத்திருக்கும் வலு வீணாகிவிடும் என்பது நிஜக் காரணம்.

ஹனீப் கடையில் அந்தப் பெட்டி காலையிலிருந்து சாயங்காலம்வரை பூனையைச் சுட்டுச் சுட்டு எடுத்தது. ஒரு தடவை அணையவில்லை. நடுவில் அவர் சிப்புக்கு மேலே காய்ந்திருந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டு, சூடு தணிக்கிற வெள்ளைப் பசை ஒன்று வேறு தடவிக் கொடுத்தார். வடிவு பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், மூடியை மாட்டினாள், பொத்தானை அமுக்கினாள். தேநீர் கொதிப்பதற்குள் அணைந்துவிட்டது.

"மெஷின்ல ஒண்ணுமே இல்ல. ஒங்க வீட்டுக் கரண்ட்டு சரியில்ல" என்றார் ஹனீப் போனில்.

வடிவு எதிர்வீட்டுக்காரியிடம் போய், வாயில் வராத வார்த்தையெல்லாம் வரவழைத்துக் கெஞ்சி, அவள் வீட்டு பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துப் பார்த்தாள். அப்போதும் அணைந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, "புதுசா என்னல்லாம் போட்டிருக்கீய வடிவு" என்று கேட்டுவிட்டுப் போனாள். இப்போது அவள் கண் வேறு.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கீதாவும் வந்துவிட்டாள். கையில் ஒரு டப்பா அதிரசம்; தோளில், ஷாலினியின் துணிமணி எடுத்துப் போகப் புத்தம்புதுப் பெரிய பை. வடிவு முதலில் பையின் ஜிப்பைப் பார்த்தாள். நல்ல ஜிப். தன் பட்டறை ஜிப் இல்லை.

"வாட்டி" என்றாள். "என்ன, எம்பிள்ளய மூட்டை கட்ட இவ்ளோ பெரிய பையா?"

"ரெண்டு சட்டதான அக்கா. மிச்சம் நான் அங்க எடுத்து வச்சிட்டேன்."

"எடுத்தே வச்சிட்டியா?"

வேல்ராஜ் அதிரச டப்பாவைத் திறந்தான். இந்த மாதிரி நேரத்தில் வாய்க்கு வேலை கொடுத்துவிடுவது அவன் வழக்கம். ஷாலினி கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று பூனையை ஓடவிட்டிருந்தாள். பெட்டி இரைந்துகொண்டிருந்தது. கீதா அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள், மிளகாயைப் பார்த்தாள், பிறகு அதன் பின்னால் நாக்கைத் தொங்கவிட்டிருந்த முகத்தைப் பார்த்தாள்.

"இது எப்பக்கா ஒட்டுனீய?"

"அது... கெடக்கு ரொம்ப நாளா."

"ஆயுத பூஜைக்கு நான் வந்தப்ப இல்லியே."

"பொறவுதான்."

"நான் வந்துட்டுப் போன பொறவு."

கீதாவின் முகம் மெதுவாகச் சிவந்தது.

"எனக்குத்தான ஒட்டுனீய?"

"ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் சேத்துத்தான்."

"ஊர்ல உள்ளவளா ஒங்க வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்து பூனயப் பாத்தா? எம்மூஞ்சி மாதிரியே தேடி வாங்கியிருக்கீய."

"நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம்" என்றான் வேல்ராஜ். இரண்டு பெண்களும் அவனைப் பார்த்த பார்வையில் அதிரசம் தொண்டையில் நின்றுவிட்டது.

கீதா குனிந்து பூதத்தின் நாக்கைப் பிடித்து இழுத்தாள். வடிவு ஒட்டினது வருமா? இன்னும் வேகமாக இழுத்தாள். தினம் தினம் திறந்து மூடியதில் வடிவு திருகாணியை ஒழுங்காக முடுக்குவதை விட்டிருந்தாள். ஸ்டிக்கருக்குப் பதிலாக மூடியே கழன்று கையோடு வந்தது. கீதா இரண்டடி பின்னால் போய், மார்பில் பூதத்தைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொந்துக்குள்ளிருந்து சூடு குபீரென்று வந்தது. இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த வேல்ராஜுக்கே முகத்தில் அடித்தது. ஷாலினி கையை உள்ளே நீட்டி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சித்தி கையிலிருந்த மூடியைத் திருப்பி, உள்பக்கத்திலிருந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தாள். ஓர் ஓட்டையிலும் வெளிச்சம் தெரியவில்லை; ஓரத்து ஓட்டைகளில் சொல்யூஷன் உறைந்திருந்தது.

"அம்மா" என்றாள். "அரே, இதுக்கு மூச்சு விடவே வழியில்லாம அடைச்சு வச்சிருக்கீங்க. ஹனீப் சாச்சா கடைக்கு இத எடுத்துட்டுப் போனீங்களா?"

"இல்ல."

"அதான் அங்க ஓடியிருக்கு."

பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கமாக அணைகிற நேரம் வந்து, கடந்தும் போனது. பூனை தொட்டியை எட்டிப்பார்த்துவிட்டு, வடிவு இதுவரை பார்த்தேயிராத அடுத்த கூரைக்குத் தாவியது.

வடிவுக்கு அப்போது சந்தோஷம் வரவில்லை. ஒரு வாரம், மிக்ஸிக் காசு, ஹனீபின் ராம், டிஸ்க், கார்டு எல்லாம் போட்டும் ஓடாததை இவள் வந்து ஒரே இழுப்பில் ஓடவைத்துவிட்டாளே. அந்த மூடியைப் பிடுங்கித் திரும்ப மாட்டிவிடலாமா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. கை பாதிவரை நீண்டது. நீண்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் எலுமிச்சம்பழத்தைப் பிய்த்தாள்.

"ஆமாட்டி" என்றாள். "ஒனக்குத்தான் ஒட்டுனேன். நீ லைட்டப் போட்டுக் காட்டி எம்பிள்ளய இழுக்க. தலயப் பின்னி அனுப்புத. நான் வேற என்னத்த ஒட்ட?"

"அந்த லைட்ட எப்படி அணைக்கணும்னே எனக்குத் தெரியாதுக்கா. அவ இல்லாத அன்னைக்குத் துணிய வச்சித் தொடைக்கேன், அவ்ளோதான். ஒங்க கொழுந்தனுக்கு அதுவும் தெரியாது."

"பொறவு எதுக்கு வாங்குனீய?"

கீதா மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். தோளிலிருந்த காலிப் பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கம்ப்யூட்டர் யாருக்காக வாங்கினது என்பதை அந்தக் காலிப் பையே சொன்னது.

"நான் எங்கயும் போகல" என்றாள் ஷாலினி, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "இதே ஓடுது. சித்தி, ஸாரி. மா, ட்ராமா மத் கரோ, நடிச்சது போதும். ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, காத்து வரட்டும்."

கீதா ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போனாள். பையை விட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வடிவு ஒரு வாரம் மகாராணி. ஹனீப் கடைக்குப் போய், பூதத்தின் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் ஓடுகிற விஷயத்தைச் சொன்னாள். பட்டறையில் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி குளிக்கப் போகிற நேரம் பார்த்து, சுவர் வழியாகக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். தன் மகள் தன் வீட்டில், தன் சாமி அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறாள்.

உட்கார்ந்துதான் இருந்தாள். காதில் ஹெட்போன். காலையில் மாட்டினால் சாப்பாட்டுக்குக்கூடக் கழற்றுவதில்லை. வடிவு மூன்று சட்னி அரைத்தாள், அம்மியில், மிக்ஸிதான் இல்லையே. ஷாலினி திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு சட்னியைத் தொட்டு மூன்று தோசையையும் சாப்பிட்டாள். வடிவு சீப்போடு பின்னால் போய் நின்றாள். "ரெண்டே நிமிஷம்மா" என்ற பதில் வந்தது. அந்த இரண்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை. ஓடாத காலத்திலாவது கம்ப்யூட்டர் அணையும்போது அந்தப் பெண், "அய்யோ அம்மா" என்று ஒரு தடவை கூப்பிடும். இப்போது அதுவும் இல்லை. அவளுக்கும் மகளுக்கும் நடுவில் அந்தக் கறுப்புப் பெட்டி இரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. வடிவு அதைப் பார்த்த பார்வையில், பூதம் ஒட்டியிருந்தாலும் தாங்கியிருக்காது.

ஒரு நாள் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு, அவளே கீதாவுக்குப் போன் போட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"ஏட்டி, ஒரு வார்த்த பேசமாட்டேங்கா."

"யாரு?"

"யாரு, ஓம்மவதான்." வாய் தவறி வந்துவிட்டது.

"இங்கயும் அப்படித்தாங்கா" என்றாள் கீதா. "கண்ணாடிப் பெட்டி முன்னாடி ஒக்காந்தா ஒக்காந்ததுதான். தலையப் பின்னுதேன்னு புடிச்சி வச்சாத்தான் தொடவே முடியும்."

வடிவுக்கு அடிவயிற்றில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. அப்படியானால் அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. இத்தனை நாள் அவள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த சிரிப்பும் கொஞ்சலும் சோபாவில் சாய்ந்த கதையும் எல்லாம் அவளே சுட்டெடுத்த படம்.

"ஆனா" என்றாள் கீதா, "இங்க மேச மேல வச்சித்தான சாப்பிடுதோம். அப்பக் கழத்திருவா. சாப்பிடும்போது மட்டும் பேசுவா."

குளிர்ந்த தண்ணீர் வற்றிப்போனது.

"என்ன பேசுவா?"

"அது... எல்லாந்தான்."

"எல்லாம்னா?"

"என்னத்தச் சொல்ல. காலேஜு, பிரெண்டுக. ஒங்களப் பத்தியும் பேசுவா."

"என்னப் பத்தி என்ன பேசுவா?"

கீதா கொஞ்சம் யோசித்தாள். போனில் அவள் சிரிப்பது கேட்டது.

"அது எங்கிட்ட சொன்னதுக்கா. ஒங்களுக்கு நான் எதுக்குச் சொல்லணும்?" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை வடிவு பட்டறைக்கு லீவு சொன்னாள். மகளின் காதிலிருந்து ஹெட்போனைத் தானே கழற்றினாள். "கெளம்பு, சித்தி வீட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். ஷாலினி அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சயானில் ஸ்லோ ரயில் ஏறினார்கள். பெண்கள் பெட்டியில் வாசலோரம் இடம் கிடைத்தது. ஷாலினி வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள், வடிவு தடுக்கவில்லை. குர்லா போனது, காட்கோபர் போனது. மேசையில் யாருக்கு எதிரே உட்கார்ந்தால் பேச்சு முழுக்கக் காதில் விழும், கீதாவை எந்தச் சாக்கில் அடுப்படிக்கு அனுப்பலாம் என்று வடிவு யோசித்துக்கொண்டே வந்தாள்.